கடைசல் பொறியும் ஒரு புள்ளியும்

நுழையும்முன்

புள்ளி பெற்று நிற்பது மெய்யெழுத்து. புள்ளி நீங்கினால் அது அகரம் ஏறிய உயிர்மெய்யாகிவிடும். 'கல்' என்னும் சொல்லின் இறுதிப்புள்ளி நீங்கின் 'கல' என்றாகும். ஓலை கிழியும் என்று அஞ்சி ஏடெழுதியோர் புள்ளியிடாது விட்டமையால், சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட இடர்கள் பல. அத்தகைய இடர் இன்று இரும்பைக் கடையும் கணினிப் பொறியிலும் உண்டு. சுவடியில் விடுபட்ட புள்ளியைப் பின்னர் ஒருவர் திருத்திக்கொள்ளலாம். பொறியில் விடுபட்ட புள்ளி உளியையும் இரும்பையும் உடைத்துவிடும்.

குன்றும் உளியும்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில் சித்தன்னவாசல் குன்று நிற்கிறது. அதன் உச்சியை ஒட்டிய ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்டுள்ளன. மேற்குச் சரிவில் அறிவர் கோயில் பாறையில் குடையப்பட்டுள்ளது. சுவரைக் கட்டுபவர் தவறிய செங்கல்லை எடுத்து மாற்றி வைக்கலாம். பாறையைக் குடைபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. உளி ஒருமுறை பெயர்த்த கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. ஆதலால் எங்கே நிறுத்துவது என்பதை அறிந்த பின்னரே அவர் உளியை ஓங்கவேண்டும்.

கடைசல் தொழிலும் இவ்வகையைச் சார்ந்தது. சுழலும் இரும்பின்மீது வெட்டுளி படும்பொழுது வேண்டாத பகுதி சீவலாக நீங்குகிறது. 50 மி.மீ. விட்டத்தில் தாங்கியினுள் இறுக்கமாகப் பொருந்தவேண்டிய தண்டு 49.90 மி.மீ. ஆகிவிட்டால், அது பழைய இரும்புக் குவியலுக்கே போகும். அன்னவாசல் போன்ற ஊர்களிலிருந்து தொழிற்பயிற்சி முடித்துத் திருச்சிராப்பள்ளிக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குச் செல்லும் இளைஞர், பட்டறையில் முதலில் கற்கவேண்டியது இதுவே.

கையிலிருந்து எண்ணுக்கு

பழைய லேத்தில் உளியை நகர்த்தியது கடைசலர் சுழற்றிய கைப்பிடி. இரும்பின் ஓசை மாறினால் அவர் கை தானே தளரும். கைப்பிடியின் இடத்தில் எண்களை வைக்கும் முயற்சி அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவரிடம் தொடங்கியது. ஹெலிகாப்டர் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்யவேண்டிய தேவை அவரை அதற்குத் தூண்டியது. 1952இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் எண்வழிக் கட்டுப்பாட்டுப் பொறியை இயக்கிக் காட்டியது. பின்னர்க் கணினி சேர்ந்து, இன்று நாம் சி.என்.சி. என வழங்கும் வடிவம் உருவாயிற்று. தமிழகத்தில் கோயம்புத்தூரில் 1962இல் தொடங்கப்பட்ட இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவனம் நூற்பு எந்திரங்களோடு சி.என்.சி. கடைசல் பொறிகளையும் உருவாக்கி வருகிறது.

எண்ணுக்குக் காது இல்லை. ஓசை மாறினாலும் பொறி சொன்னதையே செய்யும்.

வெட்டுளியைத் தேர்தல்

உளியின் முனையில் பொருத்தப்படும் கார்பைடு வில்லையைப் பட்டறையில் 'இன்சர்ட்' என்பர். அதன் பெட்டியில் 'சி.என்.எம்.ஜி. 120408' என்பது போன்ற குறியீடு இருக்கும். பலர் அதைப் பெயராகவே மனப்பாடம் செய்கின்றனர். உண்மையில் அது ஒரு விளக்கம். முதலெழுத்தாகிய 'சி' 80 பாகைச் சாய்சதுர வடிவத்தைக் குறிக்கும். 12 விளிம்பின் நீளத்தையும், 04 தடிமனையும், 08 முனையின் வளைவு ஆரம் 0.8 மி.மீ. என்பதையும் உணர்த்தும்.

இவற்றுள் புதியவர் கருதாமல் விடுவது இறுதி எண்ணையே. கடைந்த பரப்பின் வழவழப்பு முனையின் ஆரத்தையும் ஊட்டத்தையும் பொறுத்தது. ஒரு சுற்றுக்கு உளி நகரும் தொலைவே ஊட்டம். ஊட்டத்தின் வருக்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், பரப்பில் எஞ்சும் வரிகளின் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். ஆரம் 0.8 மி.மீ., ஊட்டம் 0.2 மி.மீ. எனில் அவ்வுயரம் 6.25 மைக்ரான். ஊட்டத்தைப் பாதியாக்கினால் அது நான்கில் ஒரு பங்காகக் குறைந்து 1.56 மைக்ரான் ஆகும். எனினும் வழவழப்பை நாடி மிகப் பெரிய ஆரத்தைத் தேர்ந்தால், மெலிந்த நீண்ட தண்டு அதிர்ந்து பரப்பில் அலையலையாய்த் தழும்பு விழும். மெலிந்த தண்டிற்குச் சிறிய ஆரமே ஏற்றது.

வேகத்திற்கு வரம்பு

வெட்டு வேகம் என்பது உளிமுனையைக் கடந்து ஒரு நிமிடத்தில் ஓடும் இரும்பின் நீளம். நிமிடத்திற்கு 200 மீட்டர் வேண்டுமெனில், 50 மி.மீ. விட்டமுள்ள தண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1273 முறை சுழலவேண்டும். விட்டம் 10 மி.மீ. ஆகும்பொழுது அதே வேகத்திற்கு 6366 சுற்றுகள் தேவை. 'ஜி 96' என்னும் கட்டளை இந்தக் கணக்கைத் தானே போட்டுச் சுழற்சியைக் கூட்டிக்கொண்டே செல்லும். தண்டின் முகப்பைச் சீவும் உளி நடுமையத்தை நெருங்கும்பொழுது விட்டம் சுழியை எட்டுகிறது; தேவையான சுற்றுகளுக்கோ எல்லையே இல்லை. சமச்சீரற்ற வார்ப்பொன்று அவ்வேகத்தில் சக்கின் பிடியிலிருந்து நழுவினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆதலால் ஃபானுக் வகைக் கட்டுப்பாட்டில் 'ஜி 50' கட்டளையுடன் உச்ச வரம்பை முதலில் எழுதிய பின்னரே 'ஜி 96' எழுதுதல் வேண்டும். மரையிடும்பொழுது இக்கணக்கு பொருந்தாது. அங்கே சுற்றும் நகர்வும் இணைந்தே செல்லவேண்டியிருப்பதால், சுழற்சியை மாறாது வைக்கும் 'ஜி 97' கட்டளையே உரியது.

புள்ளி விடுபட்டால்

கடைசல் பொறியில் 'எக்ஸ்' அச்சு விட்டத்தையும், 'இசட்' அச்சு நீளத்தையும் குறிக்கும். 50 மி.மீ. விட்டத்தைக் கடைந்து முடித்த உளியை இரும்பிலிருந்து விலக்க, 'ஜி 00 எக்ஸ் 60.' என எழுதுகிறோம். இறுதியில் உள்ளது முற்றுப்புள்ளி அன்று, அது தசமப்புள்ளி. பல கட்டுப்பாடுகளில் அப்புள்ளி இல்லையெனில் 60 என்பது 60 மைக்ரானாக, அதாவது 0.06 மில்லிமீட்டராகக் கொள்ளப்படும். வெளியே விலகவேண்டிய உளி, தண்டின் நடுமையத்தை நோக்கி விரைவு நகர்வில் பாயும். நிமிடத்திற்கு 20 மீட்டர் விரைவில் அந்த 25 மி.மீ. தொலைவைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு மாத்திரைக்குக் கண்ணிமைப்பொழுதை அளவாக வைத்தது நம் இலக்கணம். நிறுத்து பொத்தானை நோக்கிக் கை நகர்வதற்கு அந்தப் பொழுது போதாது.

சில பொறிகளில் புள்ளியில்லா எண்ணையும் மில்லிமீட்டராகக் கொள்ளுமாறு அமைத்திருப்பர். அத்தகைய பொறியில் பழகியவர் வேறொரு பொறிக்கு மாறும் நாளே இடர் மிகுந்த நாள். எந்தப் பொறியாயினும் புள்ளியிட்டே எழுதுதல் நன்று.

முதல் தண்டு

புதிய நிரலை எழுதியவுடன் இயக்குதல் கூடாது. முதலில் திரையில் உளியின் பாதையை வரைந்து பார்க்கவேண்டும். அடுத்து, ஒவ்வொரு வரியாக நின்று செல்லும் முறையில், விரைவு நகர்வை மிகக் குறைந்த அளவில் வைத்து, கதவை மூடிக்கொண்டு இயக்கவேண்டும். உளி இரும்பை நெருங்கும்பொழுது, இன்னும் நகரவேண்டிய தொலைவு எனத் திரை காட்டும் எண்ணையும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியையும் ஒப்பிடவேண்டும். இடைவெளி விரற்கடை அளவே இருக்க, எண் 80 எனக் காட்டினால் உடனே நிறுத்திவிடலாம். கையுறை அணிந்து சுழலும் பொருளின் அருகே செல்லுதல் ஆகாது. சுருள் சீவலைப் பொறி நின்ற பின்னர்க் கொக்கியால்தான் இழுக்கவேண்டும்.

அனுபவமுள்ள கடைசலர் முதல் தண்டில் தேய்மான ஆஃப்செட்டில் 0.30 கூட்டி வைப்பர். நிரல் 50.00 என்றாலும் தண்டு சற்றுப் பருத்தே வெளிவரும். மைக்ரோமீட்டர் 50.36 எனக் காட்டினால், மிகுந்துள்ள 0.36ஐக் கழிக்கவேண்டும், ஆஃப்செட் -0.06 ஆகும். பின்னர் இறுதிச் சீவலை மட்டும் மீண்டும் ஓட்டுவர். துளையைக் கடையும்பொழுது இக்குறி தலைகீழாகும். துளை சிறிதாய் இருந்தால்தான் பெரிதாக்க இயலும் ஆதலால், அங்கே 0.30 குறைத்து வைப்பர். கூட்டலையும் கழித்தலையும் மாற்றி இட்டு இழந்த தண்டுகள், புள்ளியை மறந்து இழந்தவற்றைவிடக் குறைவாக இரா. அதனால்தான் பழைய எண், அளந்த எண், புதிய எண் ஆகிய மூன்றையும் தாளில் எழுதிய பின்னரே, அவர்கள் இரண்டாம் தண்டைச் சக்கில் ஏற்றுகின்றனர்.