அம்மாவின் அறுபதை யார் கொண்டாடுவது?

எங்கள் ஊர் மயிலாடுதுறை. திருக்கடையூர் பக்கம் என்பதால், வருஷம் முழுக்க சஷ்டியப்தபூர்த்தி தம்பதிகளைப் பார்க்கிறேன். பிரபவ முதல் அட்சய வரை 60 தமிழ் வருஷங்களும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருஷமே திரும்ப வருவதைக் கொண்டாடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கு ஐயாவின் வயசுக்குத்தான்! அம்மாவின் அறுபது எப்போது வந்தது, எப்போது போனது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?

பிறந்த தேதியே தெரியாத அம்மாக்கள் எத்தனையோ பேர். கேட்டால், "தனுஷ்கோடி புயல் அடிச்ச மார்கழியில பொறந்தேன்" என்பார்கள். அந்தப் புயல் அடித்தது 1964 டிசம்பரில். அப்படியானால் 2024-லேயே அவர்களுக்கு அறுபது முடிந்துவிட்டது. ஒரு பாயசம்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

இதைத்தான் சின்னத் தொழிலாகச் செய்தால் என்ன என்று கொஞ்ச நாளாக எனக்கு ஓர் ஆசை. அம்மாவுக்குத் தெரியாமல், பிள்ளைகளுக்காக நாம் கொண்டாட்டம் ஏற்பாடு செய்து கொடுப்பது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் ஒரு மணி நேரம் போதும். வாசலில் கோலம், நிலைப்படியில் மாவிலை, அம்மாவுக்குப் பிடித்த பலகாரம். கூடவே பல வருஷமாகப் பார்க்காத பள்ளித் தோழி ஒருத்தி!

பிள்ளைகளிடம் முதலிலேயே கேட்க வேண்டியவை: அம்மாவின் நட்சத்திரம், பிடித்த பூ, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உண்டா என்பது. இதய நோய் உள்ளவரை இருட்டில் கத்தி மிரட்டக் கூடாது. செலவைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்து, பாதிப் பணம் முன்பணமாக வாங்கிவிட வேண்டும்.

முதலீடு? பாத்திரமும் தையல் மிஷினும் வீட்டிலேயே இருக்கின்றன. கடன் வாங்காமல் ஆரம்பிக்கலாம். தொழில் வளர்ந்தால், 2015-ல் வந்த முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில், ஈடு இல்லாமல் 50,000 ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது.

"இதுக்கெல்லாம் யாரு காசு குடுப்பா?" என்று என் கணவர் சிரிக்கிறார். பலூனுக்கும் கேக்குக்கும் கொடுக்கிறவர்கள் அம்மாவுக்குக் கொடுக்க மாட்டார்களா?

மாமியாரிடம் சொன்னேன். "இந்த வயசுல என்னம்மா கொண்டாட்டம்? போய் வேலையப் பாரு" என்றார். அரை மணி கழித்து அடுப்படிக்கு வந்து, "எனக்கு ரோகிணி நட்சத்திரம், தெரியுமில்ல?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கொண்டாட்டம் யாருக்கு என்று முடிவு செய்துவிட்டேன். தோழிகளே, உங்கள் ஊரில் இப்படி யாராவது செய்கிறார்களா? யோசனை இருந்தால் எழுதுங்களேன்!

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.