பி.காம். முடித்த பிள்ளைகளே, இந்தத் தேர்வைக் கவனியுங்கள்



கதிர்காமத்தில் மளிகைக் கடை நடத்தும் ஒரு சகோதரர் அண்மையில் நம் அலுவலகத்துக்கு வந்தார். ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டை 'கம்ப்யூட்டர் தெரிந்த' ஒருவரிடம் கொடுத்து, பதிவில் மொபைல் எண்ணாகவும் அவருடையதையே போட்டிருந்தார். மாதம் தவறாமல் பணமும் கொடுத்தார். ஆனால் ரிட்டர்ன் தாக்கலாகவில்லை. நோட்டீஸ்கள் அந்த ஆளின் போனுக்கே போயின. பதிவு ரத்தான செய்தி இவருக்குத் தெரிந்தபோது, ரத்தை நீக்கக் கோருவதற்கான 90 நாள் கெடுவில் பெரும்பகுதி கழிந்திருந்தது.

யாரை வைத்துத் தாக்கல் செய்தாலும், விவரங்கள் சரியாக இருப்பதற்கு வியாபாரியே பொறுப்பு என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 48ஆம் பிரிவு. புதுச்சேரியில் பொருள் விற்பவர்கள் ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே பதிவு செய்ய வேண்டும். பக்கத்தில் தமிழ்நாட்டில் இது 40 லட்சம். அதனால் நம் ஊர்ச் சிறு கடைக்காரர்களுக்கு முறையாகப் படித்த ஆள் கூடுதலாகத் தேவை.

அந்த ஆளுக்குச் சட்டம் தரும் பெயர் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர். வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக நிர்வாகம் ஆகியவற்றில் பட்டம் பெற்ற இந்தியக் குடிமக்கள் பி.சி.டி.-01 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் பதிவு, பிறகு தேர்வு. பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிட வேண்டும் என்கிறது 83ஏ விதி. அதற்குள் எத்தனை முறையும் எழுதலாம். ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு.

தேர்வை நடத்துவது 'நாசின்' என்ற மத்திய அரசின் பயிற்சி நிறுவனம். முதல் தேர்வு 2018 அக்டோபர் 31 அன்று நடந்தது. கம்ப்யூட்டரில் 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம். 200 மதிப்பெண்ணுக்கு 100 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஆகவே எந்தக் கேள்வியையும் விடாதீர்கள். தேர்வுத் தேதியை நாசின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்காகத் தயங்க வேண்டாம். பொருளைத் தமிழில் புரிந்துகொண்டு, சட்டச் சொற்களை ஆங்கிலத்தில் ஒரு நோட்டில் எழுதிப் பழகுங்கள். வழிகாட்டிப் புத்தகத்தோடு நிற்காமல் சட்டத்தையும் விதிகளையும் நேரடியாகப் படியுங்கள். பதிவு, பில், உள்ளீட்டு வரி வரவு, ரிட்டர்ன், ரீஃபண்ட், மேல்முறையீடு என்ற வரிசையில் போனால் ஒன்று மற்றொன்றை விளக்கும். புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், ஆனாலும் சட்டமன்றம் இருப்பதால் இங்கே யூனியன் பிரதேச ஜி.எஸ்.டி. சட்டம் பொருந்தாது. நமக்கென்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. இதில் பலர் குழம்புகிறார்கள்.

பிராக்டிஷனர் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம், வரி செலுத்தலாம், ரீஃபண்டுக்கு விண்ணப்பிக்கலாம். ரீஃபண்ட், பதிவு ரத்து போன்றவற்றில் வியாபாரியின் ஒப்புதலும் கேட்கப்படும். 116ஆம் பிரிவின்படி அதிகாரி முன் ஆஜராகி வியாபாரிக்காகப் பேசலாம். அப்போது பி.சி.டி.-05 படிவத்தில் அவர் கொடுத்த அங்கீகாரத்தின் நகல் கையில் இருக்க வேண்டும். அந்த அங்கீகாரத்தை வியாபாரி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாஸ்வேர்டைக் கைமாற்றாதீர்கள். பதிவில் உங்கள் சொந்த எண்ணே இருக்கட்டும். பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் நம் பெண்மக்களுக்கும் இது ஏற்ற தொழில். பிறர் கணக்கு நம் கையில் அமானிதம். அதைப் பேணத் தெரிந்த பத்துப் பேர் இந்த ஊரில் உருவானால், அடுத்த சகோதரர் நம் வாசலுக்குக் கலங்கி வர வேண்டியிருக்காது, இன்ஷா அல்லாஹ்.