குடலிறக்கமா, ரத்தக்குழாய் வீக்கமா?

சங்கத்தின் மருத்துவ முகாமில் கூட்டம் கலையும் வரை காத்திருந்து, கடைசியாகத் தயங்கி வருகிற ஆண்கள் சிலர் உண்டு. சென்ற முறை வந்தவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. விரைப் பையில் வீக்கம், இரண்டு வருடமாக இருக்கிறதாம். ஏன் முன்பே காட்டவில்லை என்றேன். "இந்த ஊர் டாக்டர்கிட்ட ஹிந்தியிலே இதை எப்படி சார் சொல்றது?" என்றார்.

பரிசோதித்ததில் வலப்பக்கம் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். இடப்பக்கம் வெரிக்கோசீல். விரைக்கு மேலுள்ள சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்வது இது. நம்மவர்கள் நரம்பு சுருட்டல் என்பார்கள். உண்மையில் அது நரம்பு அல்ல, ரத்தக்குழாய்.

"ஒண்ணாலே இன்னொண்ணு வந்துச்சா?" என்று கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் பாதை ஒன்று. ஆண் சிசுவின் விரைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் கீழே இறங்குகின்றன. அவை இறங்கிய வழி, பெரியவர்களுக்குத் தொடையிடுக்கின் மேலே சுமார் 4 செ.மீ. நீளக் கால்வாயாக இருக்கிறது. விந்துக்குழாயும் ரத்தக்குழாய்களும் அதன் வழியேதான் செல்கின்றன. அங்கே சுவர் பலவீனமானால் குடல் பிதுங்கி வரும்; அதுதான் ஹெர்னியா.

சிரையின் கதை வேறு. இடது விரையின் சிரை நெடுந்தூரம் ஏறி, சிறுநீரகச் சிரையில் செங்கோணத்தில் சேர்கிறது. வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் திரும்பி வந்து தேங்கும். வெரிக்கோசீல் பெரும்பாலும் இடப்பக்கமே வருவது இதனால்தான். 100 ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது உண்டு. பலருக்குத் தொல்லையே இராது.

முக்கினால் இரண்டும் புடைக்கும், படுத்தால் பெரும்பாலும் இரண்டும் அடங்கும். குழப்பம் இங்கேதான். வெரிக்கோசீலைத் தொட்டால் பைக்குள் மண்புழுக்கள் நெளிவதுபோல் இருக்கும். ஹெர்னியா இருமும்போது மேலிருந்து தள்ளிக்கொண்டு வரும். சந்தேகமானால் ஸ்கேன் சொல்லிவிடும். வலப்பக்கம் மட்டும் திடீரென்று வெரிக்கோசீல் வந்தாலோ, படுத்தும் அடங்காவிட்டாலோ வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம்.

ஹெர்னியா உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள், குடல் அழுகிவிடும். கடையில் விற்கும் பெல்ட் அதைக் குணப்படுத்தாது.

வெரிக்கோசீலில் உயிர்ப்பயம் இல்லை. ஆனால் விரையில் சூடு கூடி விந்தணு குறையலாம். குழந்தை இல்லையென்று மனைவியை மட்டும் டாக்டர் டாக்டராக அலைய விடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். குழந்தையின்மைக்காகச் சோதிக்கப்படும் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வெரிக்கோசீல் இருக்கிறது. கணவனுக்குச் செய்யும் விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு.

நம் தொழிலாளிக்கு வலை வைத்து ஹெர்னியா ஆபரேஷன் ஆயிற்று. மூன்று குழந்தைகளின் தகப்பன், வலியும் இல்லை என்பதால் சிரையைத் தொடவில்லை. ஹிந்தியிலும் மராத்தியிலும் அதற்கு ஹெர்னியா என்றே பெயர் என்று சொன்னேன். "இது தெரியாமப் போச்சே சார்" என்றார்.