முள்முடிக் கள்ளி: அடையாளமும் வளர்ப்பும்

கள்ளி என்னும் பெயரால் நம் நாட்டில் வழங்குபவை யாவும் ஓரினத்தைச் சேர்ந்தவையல்ல. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை பாலுள்ள யூபோர்பியா இனத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காக்டஸ் குடும்பத்தது, அதில் பாலில்லை. செந்நிறப் பூவுக்காக வீட்டு முகப்பில் வைக்கப்படும் முள்முடிக் கள்ளியைச் சிலர் காக்டஸ் என்றே சொல்லி விற்றுவிடுகின்றனர். பெயர் மாறுவதால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். ஆனால், அதை நம்பி வெறுங்கையால் கிளை நறுக்கியவர் அதே கையால் கண்ணைத் துடைப்பாராயின், பார்வைக்கே ஆபத்து நேரக்கூடும்.

இச்செடி மடகாஸ்கர் தீவுக்குரியது. பூர்போன் தீவின் கவர்னராயிருந்த மிலியஸ் பிரபு 1821-ம் வருஷத்தில் இதனைப் பிரான்சு தேசத்திற்கு அனுப்பினார்; 1826-ல் இதற்கு யூபோர்பியா மிலி என்று அவர் பெயரே இடப்பெற்றது. இயேசுநாதரின் முள்முடி இச்செடியால் ஆனதென்று கூறுவாருமுண்டு. தாயகத்தை நோக்குமிடத்து அது பொருந்துவதாயில்லை.

இதன் தண்டு ஏறக்குறைய விரற்பருமன் இருக்கும். அதனைச் சுற்றிலும் ஓரங்குலம் வரை நீளமுள்ள முட்கள் நெருங்கி நிற்கும். இலைகள் இளந்தண்டின் நுனிப்பக்கத்தில் மாத்திரம் இருக்கும். முதிர்ந்த பாகம் இலையற்று நிற்கும். பூவிதழ்களாகக் காணப்படுபவை இரண்டே. அவையும் மெய்யான இதழ்களல்ல, நிறமேறிய சிற்றிலைகளே. அவற்றின் நடுவிலுள்ள சிறு கிண்ணத்தில்தான் உண்மைப் பூக்கள் மிக நுண்ணியவாய் அடங்கியுள்ளன. காக்டஸிலோ முட்கள் பஞ்சு போன்ற சிறு திட்டுகளிலிருந்து கிளம்பும். பூவும் பல இதழ்களுடையது. ஐயந்தீராவிடில் ஓர் இலையின் விளிம்பை ஊசியால் கீறிப் பார்க்கலாம். வெண்பால் துளித்து, மேற்சொன்ன இரட்டைச் சிற்றிலைகளும் காணப்படின் முள்முடிக் கள்ளியென்றே கொள்ளலாம். காக்டஸுள் மிகச் சிலவற்றிலும் பால் உண்டாகையால் பாலை மாத்திரம் கொண்டு தீர்மானித்தல் கூடாது.

இவ்வேற்றுமையைப் பூச்சி நன்கறியும். சப்பாத்திக்கள்ளியை ஒழிக்கும்பொருட்டு 1926-ல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட செம்பூச்சி, அதன் புதர்களைப் பெரும்பாலும் அழித்தது. காக்டஸ் குடும்பத்தையன்றி வேறெதனையும் உண்ணாத பூச்சியாகையால், சதுரக்கள்ளி வேலிகளுக்கு அதனால் யாதொரு கெடுதியும் இல்லை.

வளர்ப்பதற்கு விதையை நாடவேண்டுவதில்லை. மூன்று நான்கு அங்குல நீளமுள்ள நுனித்துண்டுகளே போதும். கையுறையணிந்து கூரிய கத்தியால் நறுக்கி, வெட்டுவாயைத் தண்ணீரில் தோய்த்தால் பால் வடிவது நிற்கும். பின்னர் நிழலில் சில நாட்கள் உலர்த்தி, வெட்டுவாய் காய்ந்து மூடிய பிறகே நடவேண்டும். இங்கே அவசரப்படுவோரே அதிகம். பால் வடியும் துண்டை ஈரமண்ணில் ஊன்றினால் அழுகிப்போகும். பாதிக்குமேல் ஆற்றுமணல் கலந்த மண்ணே உகந்தது. தொட்டியின் அடித்துவாரம் அடைபடாதிருத்தல் வேண்டும். வேர் பிடிக்கும் வரை இலேசான ஈரம் போதும். அதன்பின் மேல்மண் நன்கு காய்ந்த பின்னரே தண்ணீர் விடலாம். நாள் முழுதும் வெயில் படுமிடத்தில் பூ மிகும். கடும் வறட்சியில் இலையுதிர்ந்தால் செடி செத்ததென்று பிடுங்கியெறிய வேண்டாம்; ஜலம் கண்டதும் மறுபடி துளிர்க்கும். மழைக்காலத்தில் தொட்டியைக் கூரையடிக்கு மாற்றுதல் நலம்.

பால் தோலிற்பட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு உடனே கழுவுக. கண்ணிற்பட்டால் சுத்த ஜலத்தால் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவி, தாமதியாது வைத்தியரிடம் செல்க. கைமருந்து எதுவும் இடலாகாது. குழந்தைகள் நடமாடும் வழியோரத்தில் இச்செடியை நடுதல் தகாது. நறுக்கிய கிளைகளைக் குளத்தில் எறிதலும் கூடாது. நன்னீர் நத்தைகளைக் கொல்லும் மருந்தாக இதன் பாலைப் பிரேஸில் நாட்டில் ஆராய்ந்துள்ளனர். அதன் வேகம் அத்தகையது. தாய்லாந்திலிருந்து வந்துள்ள பெரும்பூக் கலப்பு வகைகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். கழித்த கிளைகளைக் கால்நடைகளுக்கு எட்டாத குழியிலிட்டு மண்மூடி விடுக.