வலையில் பதியும் காலடி – 7: ஒரே ஆள், இரண்டு கணக்கு

சென்ற வாரம் குக்கி, அதாவது ஒரு தளம் நம் பிரவுசரில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்பு, பிறந்த கதையைப் பார்த்தோம். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் அதை உருவாக்கிய லூ மாண்டுல்லி, பிரவுசருக்கு ஒரே அடையாள எண் கொடுத்து எல்லாத் தளங்களும் படிக்கவிடும் யோசனையை வேண்டுமென்றே ஒதுக்கினார். ஒரு தளம் வைத்த குக்கியை இன்னொரு தளம் படிக்க முடியாது. நமக்கு அது காவல். தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு அதுதான் தலைவலி.

ஒரு புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். புடவைகளைக் காட்ட ஓர் இணைய முகவரி, பணம் வாங்க வேறொன்று. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே என்பது பிரவுசருக்குத் தெரியாது. விளம்பரத்தைப் பார்த்து வந்த வாடிக்கையாளர் பத்துப் புடவைகளைப் புரட்டி, ஒன்றை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போகிறார். வாசல் மாறியதும் அவர் புது ஆள்! இரவு கணக்கைத் திறந்தால் வந்தவர்கள் இருவர். அதைவிட மோசம், வாங்கியவரை அனுப்பியது யார் என்ற கட்டத்தில் கடையின் முதல் முகவரியே நிற்கும். விளம்பரக் காசு வீண் என்று முதலாளி முடிவு கட்டிவிடுவார்.

கூகுள் அனலிட்டிக்ஸ் இதை எப்படிச் சமாளிக்கிறது? 2005-ல் அர்ச்சின் நிறுவனத்தை வாங்கி கூகுள் தொடங்கிய, தளத்துக்கு வருபவர்களை எண்ணும் சேவை இது. இதன் குக்கிக்குள் புள்ளி வைத்துப் பிரித்த எண்கள் இருக்கும். அவற்றில் ஒன்று குருட்டாம்போக்கில் பிறந்த எண். கடைசியில் இருப்பது, நீங்கள் அந்தத் தளத்தில் முதன்முதலாகக் கால் வைத்த நொடி; 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணப்பட்டது. 1700000000 என்று இருந்தால், இந்திய நேரப்படி 2023 நவம்பர் 15 அதிகாலை 3.43-க்கு வந்திருக்கிறீர்கள்!

குக்கி வாசலைத் தாண்டாது, இணைப்பு தாண்டும். முதலாளி தன் இரண்டு முகவரிகளையும் அனலிட்டிக்ஸ் அமைப்பில் பதிந்துவிட்டால், பணம் கட்டும் பக்கத்துக்கான இணைப்பை நீங்கள் தொட்டவுடன் அதன் வாலில் ‘ஜி.எல்.’ என்ற பெயரில் ஒரு நீண்ட எழுத்துச்சரம் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் உங்கள் எண் இருக்கும். அடுத்த தளம் அதைப் படித்து, அதே எண்ணைத் தன் குக்கியிலும் எழுதிக்கொள்ளும். இருவர் மீண்டும் ஒருவராவார்.

அந்த வாலுக்கு ஆயுள் இரண்டே நிமிடம். இணைப்பை நண்பருக்கு அனுப்பினால் அவரும் நீங்களும் ஒரே ஆளாகிவிடக் கூடாதே! நடுவில் வேறொரு பக்கம் வாலை வெட்டிவிட்டாலும் கணக்கு பழையபடி இரண்டாகிவிடும். ‘அமைப்பெல்லாம் சரி, எண்ணிக்கை மட்டும் உதைக்கிறது’ என்று யாராவது புலம்பினால், முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

சொந்தக் கடைக் கணக்குக்கு இந்தப் பாலம் நியாயமானது. ஆனால் ஊரையே பின்தொடரும் விளம்பர நிறுவனங்களுக்கும் இதே உத்தி கைகொடுத்தது. அதனால்தான் 2019-ல் ஆப்பிள், தடம் பிடிக்கும் தளங்களிலிருந்து இப்படி வால் ஒட்டி வரும்போது பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கிகளின் ஆயுளைத் தன் சஃபாரி பிரவுசரில் ஒரே நாளாகக் குறைத்தது.

அடுத்த முறை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முகவரிக் கட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே ஒரு வால் நீண்டிருந்தால், உங்களோடு ஏதோ ஒரு எண்ணும் வாசல் தாண்டி வந்திருக்கக்கூடும்.

(தொடரும்)