பெயர்ப்பலகை இல்லாத ஆர்கெஸ்ட்ரா

திருமழிசையிலிருந்து பூந்தமல்லி வழியாக நகருக்குள் வரும் பேருந்தில் எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஓடினால், பல்லவிக்கு முன்னால் எழும் வயலின் கூட்டத்தைக் கவனியுங்கள். சென்னைக்கென்று சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இருந்ததா என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். வடபழனி, சாலிகிராமம் ஸ்டுடியோக்களில் பெயர்ப்பலகை இல்லாமல் இருந்தது.

மேற்கத்திய இசை இங்கே புதிதல்ல. அண்ணா சாலை மியூஸி மியூசிகல் கடையின் வயது 1842-லிருந்து கணக்கு. மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893-ல் பிறந்தது. ஆனால் அதன் பலம் கோரஸ் பாட்டு. முழு ஆர்கெஸ்ட்ரா என்றால் எழுபது, எண்பது பேருக்கு மாதச் சம்பளம் வேண்டும். டிக்கெட் விற்று அதைத் தேற்ற முடியாத ஊரில், சினிமா கால்ஷீட் கணக்கில் கூலி கொடுத்தது.

அந்த வேலைமுறை கடுமையானது. காலையில் இசையமைப்பாளர் எழுதித் தரும் நோட்டேஷனை உதவியாளர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகக் கையால் பிரித்தெழுதுவார்கள். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகவே பதிவு செய்த நாட்களில், கடைசி வரியில் ஒருவர் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். தியாகராஜரையும் பாஹையும் ஒரே மூச்சில் நினைக்கும் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) இசைத்தொகுப்பு இந்தச் சூழலில் விளைந்ததுதான். அதில் தனி வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் நடத்தினார்.

தொண்ணூறுகளில் கீபோர்டு பரவியது. இருபது வயலின் செய்த வேலையை ஒருவர் விரல் செய்துவிட, கால்ஷீட் குறைந்தது, கூட்டமும் கலைந்தது. விளைவு என்ன? 2005-ல் இளையராஜாவின் திருவாசக இசைத்தொகுப்புக்கு வாசித்தது புடாபெஸ்ட் குழு. 2025 மார்ச் 8-ல் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது லண்டனில், அங்குள்ள கலைஞர்களோடு. இவ்வளவு வாசித்த ஊருக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவும் கஜகஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வாத்தியக்காரர்களை வரவழைத்தே இருக்கைகளை நிரப்புகிறது. இங்கே ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இப்போது அரும்பாக்கத்தில் நடக்கிறது. அதன் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் வயலினும் செல்லோவும் இலவசமாகக் கற்கிறார்கள். ஆனால் படித்துத் தேறிய பிள்ளை சிம்பொனி வாசித்து மாதச் சம்பளம் வாங்கச் சென்னையில் இன்னும் ஒரு குழு இல்லை.