மைதானத்துக்குப் புறப்படுகிறீர்களா? கட்டுச்சோறு எங்கே?

மார்கழி பிறந்துவிட்டால் மும்பை மைதானங்களுக்குத் தனிக் களை வந்துவிடும். மழைக்காலச் சேறு காய்ந்து தரை இறுகியிருக்கும். ஐப்பசிப் புழுக்கமும் ஓய்ந்திருக்கும். சந்துக்குச் சந்து கபடிப் போட்டி, இரவில் விளக்கு வெளிச்சத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட், ஆசாத் மைதானத்தில் பள்ளிக்கூடங்களின் ஆட்டங்கள், ஜனவரியில் மாரத்தான் ஓட்டம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீணாகப் போகாது.

கோவண்டிப் பிள்ளைகளும் இதில் சளைத்தவர்கள் அல்ல. விடியுமுன் ஹார்பர் லைன் வண்டியைப் பிடித்து, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் புறப்படுகிறார்கள். பையில் சீருடை இருக்கிறது; காலணி இருக்கிறது; மட்டையும் பந்தும் இருக்கின்றன. சாப்பாடு மட்டும் இல்லை! கேட்டால், "அங்கே போய் வடாபாவ் வாங்கிக்கொள்வோம்" என்று பதில் வருகிறது.

வடாபாவை நாம் பழிக்கவில்லை. இந்த ஊரின் உழைப்பாளிகளுக்குப் பசியாற்றும் பண்டம் அது. ஆனால் வெறும் வயிற்றில் இரண்டு வடாபாவைத் தள்ளிவிட்டு உடனே ஆடுகளத்தில் இறங்கினால், எண்ணெய்ப் பண்டம் வயிற்றில் கனக்கும், கால் ஓடாது. நாள் முழுவதும் நடக்கும் போட்டியில் அடுத்தடுத்து நாலு முறை கடைக்குப் போனால் கையில் உள்ள காசும் கரைந்துவிடும்.

இது சிறிய விஷயம் அல்ல. மும்பை மாநகராட்சிக்காகத் தயாரிக்கப்பட்ட 2009-ம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில், நகரின் 24 வார்டுகளில் கடைசி இடம் பெற்றது கோவண்டி அடங்கிய எம்-கிழக்கு வார்டுதான். ஊட்டக்குறைவு நம் பகுதிக்குப் புதிய சொல் அல்ல. வளரும் பிள்ளை ஒருவன் பட்டினியாக ஆடினால் தோற்பது அன்றைய ஆட்டம் மட்டுமா? உடம்பும் அல்லவா!

அமெரிக்காவில் ஒரு வழக்கம்

குளிர்கால ஆட்டமும் சாப்பாடும் பிரியாத ஜோடி என்பதை அமெரிக்கர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். அங்கே அமெரிக்கக் கால்பந்துப் போட்டி பார்க்கப் போகிறவர்கள் பல மணி நேரம் முன்னதாகவே அரங்கத்துக்கு வெளியே காரை நிறுத்துகிறார்கள். காரின் பின்கதவைத் திறந்து, அங்கேயே அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, காரசாரமான பயற்றுக் குழம்பைச் சூடாக்கி, நண்பர்களோடு பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன்பே நகரில் 1967 டிசம்பர் 31 அன்று நடந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. அன்று குளிர் உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ்! அப்படிப்பட்ட இடத்தில் சூடான சாப்பாடு ஆடம்பரம் அல்ல, அவசியம்.

நமக்கு இது புதுமையா? இல்லவே இல்லை! கூண்டு வண்டி கட்டித் திருவிழாவுக்கும் மஞ்சுவிரட்டுக்கும் போன நம் முன்னோர்கள், வண்டியின் பின்புறம் வைக்கோலுக்கு நடுவே தூக்குச் சட்டிகளை வைத்துக்கொண்டுதானே போனார்கள்? ஆற்றங்கரையில் வண்டியை அவிழ்த்துவிட்டு, இலை போட்டுப் பரிமாறினார்கள். அமெரிக்கர் காரில் செய்வதை நாம் மாட்டு வண்டியில் செய்தோம். அதன் பெயர்தான் கட்டுச்சோறு.

நம் குளிர் வேறு

ஆனால் ஒரு முக்கிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கிரீன்பேயில் குளிரே சாப்பாட்டைக் கெடாமல் காக்கும். மும்பைக் குளிர் அப்படிப்பட்டதல்ல. 1962 ஜனவரி 22 அன்று சாந்தாகுரூஸில் 7.4 டிகிரி வரை இறங்கியதுதான் இந்நகரம் கண்ட பெருங்குளிர். சாதாரணமாக ஜனவரி விடியற்காலையில் 16, 17 டிகிரி இருக்கும். பத்து மணி ஆனதும் மப்ளர் பைக்குள் போய்விடும். நண்பகலில் 30 டிகிரி வெயில் அடிக்கும்!

ஆகவே மும்பையில் மைதானத்துக்குக் கட்டும் சாப்பாடு இரண்டு வேலை செய்யவேண்டும். விடியலில் உடம்புக்குச் சூடு தரவேண்டும். மதிய வெயிலில் கெடாமலும் இருக்கவேண்டும். புளி, நல்லெண்ணெய், வறுத்த மிளகாய், எள், வெல்லம் என்று நம் பாட்டிமார் வழிப்பயணத்துக்குத் தேர்ந்தெடுத்த பொருள்கள் இந்த இரண்டுக்கும் பொருத்தமானவை.

ஆடுபவர்களுக்கு

கபடி அணி என்றால் களத்தில் ஏழு பேர், மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், ஆக மொத்தம் பன்னிரண்டு பேர். இவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி போதும். அத்துடன் 150 கிராம் புளி, கால் லிட்டர் நல்லெண்ணெய், 200 கிராம் வேர்க்கடலை இருந்தால் அருமையான புளியோதரை தயார். புளிக்காய்ச்சலை முந்தின இரவே காய்ச்சி வைத்துவிடலாம். காலையில் சாதத்தை உதிரியாக வடித்து, அகலத் தட்டில் பரப்பி, எண்ணெய் விட்டு ஆறவைத்த பிறகே கிளற வேண்டும்.

விடியற்காலை உணவுக்கு மிளகாய்ப்பொடி இட்லிக்கு இணை கிடையாது. இரண்டு பக்கமும் நல்லெண்ணெயும் பொடியும் தடவி, நன்றாக ஆறிய பின் அடுக்கவேண்டும். சூட்டோடு அடுக்கினால் ஆவி நீராகி இட்லி பிசுபிசுத்துப் போகும். பொடியில் காரம் குறைவாக இருக்கட்டும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். வெயிலில் முதலில் கெடுவது அதுதான்.

எப்போது சாப்பிடுவது என்பதும் முக்கியம். வயிறு நிறையச் சாப்பிடுவதானால் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக முடித்துவிட வேண்டும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் ஒரு வாழைப்பழம், இரண்டு இட்லி போதும். நெய் மிதக்கும் வெண்பொங்கல் ஆட்டக்காரருக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான். ஆடி முடித்ததும் வேகவைத்த முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், வேர்க்கடலை மிட்டாய் ஆகியவை உடம்பைத் தேற்றும். எடை பார்த்துச் சேர்க்கும் போட்டிகளுக்காக முந்தின நாள் பட்டினி கிடக்கும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. இது ஆபத்தானது, பயிற்சியாளர்கள் தடுக்கவேண்டும்.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வியர்வை நிற்பதில்லை. கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள்.

பார்ப்பவர்களுக்கு

ஆடுபவன் ஓடுவதால் சூடாகிவிடுகிறான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் தங்கையும்தான் நடுங்குகிறார்கள்! இவர்களுக்கு வேண்டியது பிளாஸ்க். சுக்கு, மிளகு, மல்லிவிதை தட்டிப்போட்டுக் கருப்பட்டி சேர்த்த சுக்குக் காப்பி தொண்டைக்கு இதம். இன்னொரு பிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டு போகலாம். தம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். 1976-ல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியேறிய சீட்டா கேம்ப் நமக்கு வெகு தூரமில்லை. அங்குள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு நோன்புக் கஞ்சியின் பக்குவம் கைவந்த கலை. ரம்ஜானுக்கு மட்டும்தான் என்று இல்லாமல் குளிர் இரவு ஆட்டத்துக்கும் அந்தக் கஞ்சியைச் சூடாக எடுத்துப் போனால் வேண்டாம் என்பார் உண்டோ?

அக்கம்பக்கத்து மராட்டியரிடமும் கற்றுக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அவர்கள் கம்பு மாவில் பாக்ரி தட்டி, வேர்க்கடலைச் சட்னிப் பொடியுடன் சாப்பிடுகிறார்கள். இது மாலை வரை தாங்கும். நம் பொங்கல் திருநாளை ஒட்டி வரும் அவர்களது சங்கராந்தியில் எள்ளும் வெல்லமும் சேர்ந்த தில்குள் தருகிறார்கள். நம் எள்ளுருண்டையும் அதன் உடன்பிறப்புதானே!

எச்சரிக்கை தேவை

சோற்றில் ஒரு சங்கதி இருக்கிறது. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகையால் முதல் நாள் மிஞ்சிய சாதத்தைக் கிளறிக் கட்டாதீர்கள். சூட்டோடு பெரிய பாத்திரத்தில் மூடியும் வைக்காதீர்கள். தயிர் சாதம் கட்டினால் நண்பகலுக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரக் கையை உள்ளே விடாமல் கரண்டியால் பரிமாறுங்கள்.

வான்கடே போன்ற பெரிய அரங்குகளில் சர்வதேசப் போட்டிக்கும் ஐ.பி.எல். ஆட்டத்துக்கும் வெளிச் சாப்பாட்டையும் தண்ணீர் பாட்டிலையும் உள்ளே விடுவதில்லை. அங்கே போகிறவர்கள் வாசலில் தகராறு செய்யாமல், வழியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. நம் வட்டார மைதானங்களில் இந்தத் தொல்லை இல்லை. இலையையும் காகிதத்தையும் அங்கேயே எறியாமல் திரும்ப எடுத்து வந்தால், அடுத்த முறையும் மரியாதையோடு இடம் கொடுப்பார்கள்.

சமைப்பது யார்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, "தாய்மார்களே, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்திருங்கள்" என்று முடித்தால் அது நியாயமாகாது. பல வீடுகளில் அம்மா தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பவேண்டும். பன்னிரண்டு பேர் ஆடும் அணிக்குப் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. இரண்டு வீட்டில் சாதம், ஒரு வீட்டில் புளிக்காய்ச்சல், இரண்டு வீட்டில் சுண்டல், ஒரு வீட்டில் பிளாஸ்க், மற்ற வீடுகள் முட்டையும் பழமும் என்று பங்கு பிரித்தால் யாருக்கும் பாரமில்லை. வேர்க்கடலை வறுப்பதும், முட்டை உரிப்பதும், பாத்திரம் துலக்குவதும் பையன்களின் வேலையாக இருக்கட்டும். ரெய்டு போகத் தெரிந்தவனுக்குச் சட்டி கழுவத் தெரியாதா?

முக்கியமாக, பெண்பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தான் வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு ஓடும் தங்கைகள் எத்தனை பேர்! சென்னைக் கண்ணகி நகரும் நம்மைப்போல் எளிய மக்கள் குடியிருக்கும் இடம்தான். அந்த மண்ணிலிருந்து போன கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். அடுத்த மாதம் 2-ம் தேதி, நம் பெண்கள் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையை வென்றதும் எங்கே? இதே ஹார்பர் லைனில், நெரூலில் உள்ள டி.ஒய்.பாட்டீல் அரங்கத்தில்! கோவண்டி நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் போய்விடலாம்.

அந்த வண்டியில் பார்வையாளராக மட்டுமல்ல, ஆட்டக்காரியாகவும் நம் பெண் ஏறவேண்டும். அவள் பையிலும் ஒரு பொட்டலம் புளியோதரை இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாமே!